கூரைக் கிளெய்மில் கம்பெனி சொல்லும் தொகை போதவில்லையா? அமெரிக்க வீட்டு இன்ஷூரன்ஸில் அப்ரைசல்: முழுமையான வழிகாட்டி

வசந்த காலத்தில் டாலஸ் வட்டாரத்தில் ஒரு ஆலங்கட்டி மழை அடித்து ஓய்ந்தால் போதும், மறுநாள் காலையிலேயே பிளேனோ, ஃப்ரிஸ்கோ தெருக்களில் ஏணி கட்டிய பிக்கப் வண்டிகள் சுற்ற ஆரம்பித்துவிடும். கதவைத் தட்டும் ஆள், "சார், முழுக் கூரையும் போச்சு" என்பார். பத்து நாள் கழித்து, சேதத்தை மதிப்பிட வரும் இன்ஷூரன்ஸ் அட்ஜஸ்டர், பின்பக்கச் சரிவில் எட்டு ஸ்கொயர் (ஒரு ஸ்கொயர் நூறு சதுர அடி) மட்டும்தான் சேதம் என்று எழுதிவிட்டுப் போவார். டிடக்டிபிளை, அதாவது சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கைக் கழித்தால் கைக்கு வருவது பூஜ்யம்.

இப்படி இரண்டு தொகைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்காகப் பாலிசிக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் அப்ரைசல். வீட்டுக் கடனுக்காக வங்கி செய்யும் அப்ரைசலுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் ஒரு அப்ரைசரை நியமிக்கிறீர்கள், கம்பெனி ஒருவரை நியமிக்கிறது, அந்த இருவரும் சேர்ந்து ஒரு அம்பயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூவரில் எந்த இருவர் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டாலும் அதுவே முடிவு. நியூயார்க் மாநிலத்தின் 1943ஆம் ஆண்டு தீ விபத்துப் பாலிசியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. இன்று பல மாநிலங்களில் புழங்கும் வீட்டுப் பாலிசிகளின் வாசகம் அதன் வழி வந்ததுதான்.

ஒன்றை முதலிலேயே மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். "எவ்வளவு" என்ற கேள்விக்குத்தான் அப்ரைசல் பதில் சொல்லும். "தர வேண்டுமா, வேண்டாமா" என்ற கேள்வி அதன் வேலை இல்லை. அப்ரைசலில் பணத்தையும் ஆறு மாதத்தையும் தொலைப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான்.

முதலில் பாலிசியைத் திறந்து பாருங்கள்

நான்கு பக்கச் சுருக்கத்தைப் பார்த்தால் போதாது, முழுப் பாலிசியும் வேண்டும். கம்பெனியிடம் "சான்றளிக்கப்பட்ட முழுப் பிரதி" என்று எழுதிக் கேளுங்கள். நிபந்தனைகள் பகுதியில் அப்ரைசல் என்ற தலைப்பில் ஒரு பத்தி இருக்கும். பரவலாக இருக்கும் வாசகத்தின் சாரம் இதுதான்: இழப்பின் தொகையில் உடன்பாடு இல்லாவிட்டால் இரு தரப்பில் எவரும் அப்ரைசல் கேட்கலாம். எழுத்து மூலமான கோரிக்கை கிடைத்த 20 நாளுக்குள் ஒவ்வொரு தரப்பும் தகுதியுள்ள, நடுநிலையான அப்ரைசர் ஒருவரை நியமிக்க வேண்டும். அப்ரைசர்கள் 15 நாளுக்குள் அம்பயர் விஷயத்தில் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றத்தை அணுகலாம். அவரவர் அப்ரைசருக்கு அவரவர் பணம், அம்பயர் செலவு பாதிப் பாதி.

இந்த வாசகத்தை எல்லாப் பாலிசியிலும் எதிர்பார்க்காதீர்கள். சில கம்பெனிகள் "இரு தரப்பும் சம்மதித்தால் மட்டும்" என்று மாற்றிவிட்டன. அப்படியானால் உங்கள் கோரிக்கை வெறும் வேண்டுகோள்தான். சில பாலிசிகளில் அப்ரைசல் கேட்கக் கெடு உண்டு. சிலவற்றில் அப்ரைசல் பிரிவையே எடுத்துவிட்டார்கள். இந்த மாற்றங்கள் பாலிசியின் நடுவில் இருக்காது. கடைசியில் தைத்துச் சேர்த்த என்டார்ஸ்மென்ட் தாள்களில் இருக்கும். படிக்கும்போது கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வருவது நல்லது.

அதே தாள்களில் இன்னும் இரண்டு விஷயங்களையும் தேடுங்கள். ஒன்று, கூரைக்கு மட்டும் தேய்மானம் கழித்த தொகைதான் கிடைக்கும் என்ற என்டார்ஸ்மென்ட். இன்னொன்று, தோற்றத்தை மட்டும் கெடுத்த சேதத்துக்குப் பணம் இல்லை என்ற விலக்கு. உலோகக் கூரையில் விழுந்த குழிகள் தண்ணீர் கசியவிடாதவரை இந்த விலக்கில் அடிபட்டுப் போகும். இந்த இரண்டில் எது இருந்தாலும், அப்ரைசலில் எவ்வளவு பெரிய தொகை ஜெயித்தாலும் கையில் வருவது குறையும்.

தகராறு எந்த வகை?

கம்பெனியின் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "ஆலங்கட்டிச் சேதம் இருக்கிறது, அதைச் சரிசெய்ய 5,200 டாலர் ஆகும்" என்று எழுதியிருந்தால் அது தொகைத் தகராறு. "இது ஆலங்கட்டியால் வந்ததே இல்லை, பழசானதால் வந்தது, கிளெய்மை நிராகரிக்கிறோம்" என்று எழுதியிருந்தால் அது கவரேஜ் தகராறு, அதாவது பாலிசிப்படி பணம் தர வேண்டுமா என்ற தகராறு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் பகுதி உண்டு. சண்டையெல்லாம் அங்கேதான். பிளேனோவில் 2003இல் அடித்த ஆலங்கட்டி மழையில் வந்த ஒரு கிளெய்மைப் பாருங்கள். கூரையின் முகட்டில் மட்டும் சேதம், சுமார் 500 டாலர், டிடக்டிபிளைக்கூடத் தாண்டவில்லை என்றது கம்பெனி. முழுக் கூரையையும் மாற்ற 13,000 டாலருக்கு மேல் ஆகும் என்றார் கான்ட்ராக்டர். இது தொகைத் தகராறே இல்லை, எது ஆலங்கட்டியால் வந்தது என்ற காரணத் தகராறு, எனவே அப்ரைசலுக்குப் போக முடியாது என்று கம்பெனி வாதிட்டது. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2009இல் அதை ஏற்கவில்லை. எந்த ஷிங்கிள் (கூரையை மூடும் ஓடு போன்ற தகடு) புயலில் போனது, எது ஏற்கெனவே தேய்ந்திருந்தது என்று ஓரளவாவது பிரித்துப் பார்க்காமல் எந்த அப்ரைசராலும் தொகை போட முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. மினசோட்டா உச்ச நீதிமன்றமும் 2012இல் ஏறக்குறைய அதே பாதையில் போனது. ஃப்ளோரிடாவில் 2002 தீர்ப்பின்படி, கம்பெனி இழப்பு முழுவதையும் மறுத்தால் நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு பகுதியை ஒப்புக்கொண்டு மீதியை மறுத்தால் அப்ரைசர்கள் காரணத்தையும் பார்க்கலாம்.

கலிஃபோர்னியாவில் வேறு ஒரு திருப்பம். அரசு அறிவித்த பேரிடர் என்றால், அங்கே அப்ரைசலைக் கேட்கலாமே ஒழிய எதிர்த்தரப்பைக் கட்டாயப்படுத்த முடியாது. காட்டுத்தீயில் வீடு இழந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் காத்திருந்துவிடக் கூடாது.

முழு நிராகரிப்பு வந்திருந்தால் அப்ரைசல் கடிதம் எழுதுவதை நிறுத்திவைத்துவிட்டு, முதலில் மறு ஆய்வு கேளுங்கள். ஐந்து ஷிங்கிளாவது ஆலங்கட்டியால் போனது என்று கம்பெனியை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால், தகராறு கவரேஜிலிருந்து தொகைக்கு மாறிவிடும். அதற்குப் பிறகு அப்ரைசலின் கதவு திறக்கும்.

கேட்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கம்பெனியின் எஸ்டிமேட்டை முழுதாக, வரி வரியாக வாங்குங்கள். பெரும்பாலும் அது எக்ஸாக்டிமேட் என்ற மென்பொருளில் போட்டதாக இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் அளவு, ஓரலகு விலை, வரி, தேய்மானம் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். அட்ஜஸ்டர் எடுத்த எல்லாப் படங்களையும், எஞ்சினியர் அறிக்கை இருந்தால் அதையும் கேளுங்கள். உங்கள் பக்க எஸ்டிமேட்டும் அதே வடிவில் இருக்க வேண்டும். "முழுக் கூரை, 24,600" என்று ஒற்றை வரியில் கான்ட்ராக்டர் எழுதித் தந்த தாளை வைத்துக்கொண்டு அம்பயர் முன்னால் எதுவும் செய்ய முடியாது. எந்த வரியில் வித்தியாசம் என்பதே அதில் தெரியாது.

உங்கள் எஸ்டிமேட்டைக் கம்பெனிக்கு அனுப்பி, பதில் வாங்கிய பிறகுதான் அப்ரைசல் கேட்க வேண்டும். உடன்பாடு இல்லை என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் "தகராறே இல்லையே, நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள்.

இதற்கிடையே ஒழுகினால் தார்ப்பாய் போடுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அவசர வேலைகளைச் செய்ய வேண்டியது பாலிசிப்படி உங்கள் கடமை. ஆனால் கூரையைக் கழற்றிவிடாதீர்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு சரிவிலிருந்தும் சில ஷிங்கிள்களை எடுத்து, எந்தச் சரிவு என்று எழுதி, கராஜில் வையுங்கள். பார்க்கக் கூரையே இல்லாத அப்ரைசல் வெறும் படச் சண்டையாக முடிந்துபோகும்.

கட்டுப்படியாகுமா? ஒரு கணக்கு

வீட்டின் கவரேஜ் (வீட்டுக்கான இன்ஷூரன்ஸ் தொகை) 4,50,000 டாலர், காற்று, ஆலங்கட்டிக்கு டிடக்டிபிள் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டிடக்டிபிள் 9,000 டாலர். டிடக்டிபிள் சேதத்தின் 2 சதவீதம் இல்லை, வீட்டுக் கவரேஜின் 2 சதவீதம். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

கம்பெனி 5,200 என்கிறது, கான்ட்ராக்டர் 24,600 என்கிறார். அப்ரைசலில் கான்ட்ராக்டர் சொன்ன தொகை அப்படியே வருவது அபூர்வம். முடிவு 19,000 என்று வைத்தால், டிடக்டிபிள் போக 10,000. உங்கள் அப்ரைசருக்கு 2,500, அம்பயரில் உங்கள் பாதி 1,000 என்றால் மிச்சம் 6,500. இது போகத் தகுந்த கணக்கு. அதே வீட்டில் கம்பெனி 14,000 ஒப்புக்கொண்டு, நடுவில் நின்று வரக்கூடிய முடிவு 17,000 என்றால், 3,000 டாலருக்காக 3,500 செலவழிப்பீர்கள். எங்கள் கணக்கில், நடுநிலையாக யோசித்துப் பார்த்தால் கிடைக்கக்கூடிய கூடுதல் தொகை செலவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காவது இல்லை என்றால் வேறு வழி பார்ப்பதே மேல்.

வேறு வழிகளும் இருக்கின்றன. டெக்சாஸில் மாநில இன்ஷூரன்ஸ் துறையிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். 20,000 டாலர் வரையிலான வழக்குகளை அங்குள்ள ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சிறு வழக்குகளைக் கேட்கும் நீதிமன்றம்) போடலாம். ஆனால் புயல் கிளெய்ம் என்றால் வழக்குக்கு 61 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். ஃப்ளோரிடாவில் மாநிலம் நடத்தும் மத்தியஸ்தத் திட்டம் இருக்கிறது. அதன் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும்.

அப்ரைசர் யார்?

நடுநிலை என்ற சொல்லைச் சிலர் சடங்காக எடுத்துக்கொள்கிறார்கள். நீதிமன்றங்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அப்ரைசரை நியமிப்பது நீங்கள்தான் என்றாலும், உங்கள் வக்கீலைப் போல அவர் வாதாடக் கூடாது என்று கொலராடோ உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. வீட்டுக்காரருக்காகக் கிளெய்மை நடத்தி, தொகையில் சதவீதம் வாங்கும் பப்ளிக் அட்ஜஸ்டர், "ஆதாயமற்றவர்" என்று பாலிசி கேட்கும் அப்ரைசராக இருக்க முடியாது என்று ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

கூரை போடப்போகிறவரையே அப்ரைசராக வைத்துக்கொள்ளாதீர்கள். முடிவு பெரிதானால் அவருக்கு வேலை பெரிதாகும். அவார்டு, அதாவது அப்ரைசலின் முடிவு ரத்தாக இதுவே காரணமாகலாம். டெக்சாஸில் கூடுதலாக ஒன்று: உங்கள் வீட்டில் வேலை செய்யும் கான்ட்ராக்டர் உங்களுக்காகக் கிளெய்ம் பேரம் பேசவே சட்டம் அனுமதிப்பதில்லை. மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. "டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்கிறவரும் அங்கே சட்டத்தை மீறுகிறார். 2019 முதல், டிடக்டிபிளைக் கட்டியதற்கான ஆதாரத்தைக் கம்பெனி உங்களிடம் கேட்கலாம்.

பழைய அட்ஜஸ்டர்கள், கட்டட எஸ்டிமேட்டர்கள் இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள். மணிக்கணக்கிலோ மொத்தத் தொகையாகவோ கட்டணம் வாங்குபவரை எடுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: ஏணி போட்டுக் கூரையில் நீங்களே ஏறுவீர்களா? எக்ஸாக்டிமேட்டில் நீங்களே எஸ்டிமேட் போடுவீர்களா? கடைசியாகச் செய்த அப்ரைசல்களில் எத்தனை அம்பயர் வரை போயின? எல்லாமே அம்பயர் வரை போயிருந்தால் அவர் சண்டைக்காரர் என்று அர்த்தம். உங்கள் செலவு ஏறும்.

கோரிக்கைக் கடிதம்

சுருக்கமாக எழுதுங்கள். கோபம் வேண்டாம், கதை வேண்டாம். பாலிசி எண், கிளெய்ம் எண், இழப்பு நேர்ந்த தேதி, வீட்டு முகவரி, அப்ரைசல் பிரிவின் வாசகம், இழப்பின் தொகையில் உடன்பாடு இல்லை என்ற ஒரு வரி, உங்கள் அப்ரைசரின் பெயரும் தொடர்பும், பாலிசி சொல்லும் கெடுவுக்குள் உங்கள் அப்ரைசரை அறிவியுங்கள் என்ற ஒரு வரி. "எந்தெந்தப் பகுதிக்கு அப்ரைசல்" என்பதையும் எழுதுங்கள்: வீடு, வேலி மாதிரியான மற்றக் கட்டுமானங்கள், பொருள்கள், வெளியே தங்கிய செலவு. வேலியை எழுத மறந்துவிட்டு, பிறகு அதைச் சேர்க்கப் போராடுகிறவர்கள் உண்டு.

சான்றளித்த தபாலிலும் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 20 நாள் எண்ணத் தொடங்குவது கம்பெனிக்குக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து. அதனால் தபால் கையொப்ப அட்டை வேண்டும்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. அப்ரைசல் கேட்டதால் மட்டும் வழக்குப் போட வேண்டிய கெடுவின் கடிகாரம் நின்றுவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். டெக்சாஸ் பாலிசிகளில் பெரும்பாலும் இரண்டு வருடம் ஒரு நாள் இருக்கும். மற்ற இடங்களில் ஒரு வருடம்கூட இருக்கலாம். கெடு நெருங்கினால், அப்ரைசல் முடியும்வரை கெடுவை நிறுத்திவைக்கக் கம்பெனியிடம் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். தர மறுத்தால் அன்றே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அம்பயர்: பாதி முடிவு இங்கேயே

இரண்டு அப்ரைசர்களும் ஒத்துப்போனால் அம்பயருக்கு வேலையே இல்லை. நல்ல அப்ரைசர்கள் அப்படித்தான் முடிக்கப் பார்ப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால், நடைமுறையில் அம்பயர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம்தான் முடிவு. உங்கள் அப்ரைசர் மூன்று பெயர் கொடுப்பார், கம்பெனியின் அப்ரைசர் மூன்று பெயர் கொடுப்பார். ஒவ்வொரு பெயருக்கும் சுயவிவரமும், கட்டண விகிதமும், கடந்த சில வருடங்களில் எந்தக் கம்பெனிக்கு எத்தனை வேலை செய்தார் என்ற விவரமும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வருமானத்தில் பாதியை ஒரே கம்பெனியிடமிருந்து வாங்குபவரை ஏற்க வேண்டாம். வீட்டுக்காரர்களின் வக்கீல்களோடு மட்டும் வேலை செய்பவரைக் கம்பெனித் தரப்பு ஏற்காது. ஓய்வு பெற்ற நீதிபதிகள் அம்பயராவதும் உண்டு. ஆனால் கூரைக் கிளெய்முக்குக் கட்டடம் தெரிந்தவர்தான் தேவை.

15 நாளில் முடியாவிட்டால் நீதிமன்றம் நியமிக்கும். கம்பெனியின் வக்கீல் ஓடிப்போய் மனுப் போட்டு, தனக்குத் தோதான பெயரை மட்டும் நீதிபதி முன் வைப்பதைத் தடுக்க, பதினாறாவது நாள் உங்கள் மனுவும் தயாராக இருக்க வேண்டும். அம்பயர் நியமனம் ஆன பிறகு அவரிடம் நீங்கள் நேரில் பேசக் கூடாது. உங்கள் அப்ரைசரும் மறுதரப்புக்குப் பிரதி இல்லாமல் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பக் கூடாது.

கூரை மேல் என்ன பார்ப்பார்கள்

ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடிச் சதுரம் சாக்பீஸால் வரைந்து, அதற்குள் விழுந்த அடிகளை எண்ணுவார்கள். ஒரு ஸ்கொயர் என்பது இந்த நூறு சதுர அடிதான். எத்தனை அடி இருந்தால் சரிவு முழுவதையும் மாற்றலாம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் எண்ணிக்கையைவிட, எதை அடி என்று ஏற்பது என்பதில்தான் தகராறு.

ஆலங்கட்டி அடித்த இடத்தில் ஷிங்கிளின் மணல் போன்ற துகள்கள் உதிர்ந்து கருப்பு நிறம் தெரியும். விரலால் அழுத்தினால் அடிபட்ட ஆப்பிள் போல மெத்தென்று இருக்கும். உள்ளிருக்கும் கண்ணாடி இழைப் பாய் உடைந்ததற்கு அதுவே அடையாளம். வெயில் சூட்டில் வரும் கொப்புளம் இப்படி இருக்காது. விளிம்பு கூர்மையாக, சிறு குழியாக இருக்கும், உள்பாய் உடைந்திருக்காது. உதிர்ந்த இடத்தின் கருப்பு நிறம் சாம்பலாக மங்கியிருந்தால் அது பழைய மழையின் அடி. இந்த வருட பாலிசியில் அதற்குப் பணம் வராது.

கூரையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். காற்றோட்டக் குழாய்களின் மூடி, மழைநீர்த் தகரம், ஏசியின் வெளிப்பெட்டியில் வளைந்த அலுமினியத் தகடுகள் எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். சாக்பீஸைப் படுக்கவைத்துத் தகரத்தில் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத குழிகளும் தெரிய வரும். ஆலங்கட்டி எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு பெரிதாக வந்தது என்பதற்கு இந்தத் தகரங்கள்தான் சாட்சி. வடக்குப் பக்கம் ஏசித் தகடு முழுக்க வளைந்திருக்கும்போது, வடக்குச் சரிவில் சேதமே இல்லை என்ற எஞ்சினியர் அறிக்கை நிற்பது கடினம்.

பெரிய தொகையைத் தீர்மானிக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை. பழைய கூரையில் எட்டு ஷிங்கிளை மட்டும் மாற்ற வேண்டும் என்றால், அவற்றுக்கு மேல் வரிசையில் ஒட்டியிருப்பதைத் தூக்க வேண்டும். தூக்கும்போதே அது விரிசல் விட்டு உடைந்தால், இடை இடையே மாற்றும் வேலை நடக்காது. அப்ரைசர்கள் இருவரும் நிற்கும்போது சில இடங்களில் தூக்கிப் பார்க்கச் சொல்லி, வீடியோ எடுங்கள். அன்றைய வெப்பநிலையைக் குறித்துவையுங்கள். குளிரில் எந்த ஷிங்கிளும் உடையும் என்று மறுதரப்பு சொல்லும். அதே போல, உங்கள் கூரையில் உள்ள ஷிங்கிளின் அளவு இப்போது தயாரிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். அளவு மாறியிருந்தால் புதியது பழையதோடு வரிசை சேராது.

எஸ்டிமேட்டில் விடுபடும் வரிகள்

ஷிங்கிள் விலையில் இரண்டு எஸ்டிமேட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. விடுபட்ட வரிகள்தான் ஆயிரக்கணக்கில் சேரும். 30 ஸ்கொயர் கூரையைக் கழற்றுவது 30 ஸ்கொயர்தான். ஆனால் புதிதாகப் போடும்போது வெட்டி வீணாவதற்குக் கூடுதல் வேண்டும், நான்கு பக்கமும் சரிந்த கூரைக்குச் சுமார் 15 சதவீதம். இறவாண ஓரத்தில் முதல் வரிசைக்கான பட்டை, முகட்டுத் தொப்பி, ஓரத் தகரம், குழாய்களைச் சுற்றிய தகரம், சரிவு 12 அடிக்கு 7 அடி உயரம் அல்லது அதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் கூடுதல் கூலி, இரண்டு மாடிக்குக் கூடுதல் கூலி, பொருள்களுக்கு விற்பனை வரி, நகராட்சி அனுமதிக் கட்டணம். கூரையில் சோலார் தகடுகள் இருந்தால் அவற்றைக் கழற்றி மாட்டுவதற்கே பல ஆயிரம் டாலர் ஆகும். கூரை, தகரம், பெயின்ட், வேலி என்று பல வேலைக்காரர்களை ஒருங்கிணைக்க வேண்டியிருந்தால், பொதுக் கான்ட்ராக்டரின் நிர்வாகச் செலவு 10 சதவீதம், லாபம் 10 சதவீதம் என்று சேர்ப்பது வழக்கம். இதைக் கம்பெனிகள் முதல் எஸ்டிமேட்டில் அநேகமாகச் சேர்ப்பதில்லை.

இன்றைய கட்டட விதிகளின்படி கூடுதலாகச் செய்ய வேண்டிய வேலைகள் தனிக் கவரேஜில் வரும். அதைத் தனி வரியில் காட்டச் சொல்லுங்கள். மொத்தத்துக்குள் கலந்துவிட்டால், அந்தக் கவரேஜ் இல்லாத பாலிசியில் மொத்த அவார்டும் சிக்கலாகும்.

அவார்டு

அவார்டு ஒரு பக்கத் தாள்தான். அதில் வீடு, மற்றக் கட்டுமானங்கள், பொருள்கள் என்று தனித்தனி வரி இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புதிதாக மாற்ற ஆகும் தொகை, தேய்மானம், தேய்மானம் போக இன்றைய மதிப்பு என்று மூன்று கட்டம். "டிடக்டிபிளும் முன்பு தந்த பணமும் கழிக்கப்படவில்லை, பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். இருப்பதே முறை. கழிப்பது கம்பெனியின் வேலை, அப்ரைசர்களின் வேலை இல்லை. எந்த மழைத் தேதியின் சேதத்துக்கு இந்தத் தொகை என்பதும் எழுதப்பட்டிருக்கட்டும். "மொத்தம் 19,000" என்று ஒற்றை வரியில் வரும் அவார்டு, பிறகு கம்பெனி "இதில் ஏழாயிரம் கவரேஜில் வராது" என்று கத்தரி போட வசதி செய்து தருகிறது.

அவார்டு பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அதைத் தள்ள முடியாது. டெக்சாஸில் மூன்று காரணங்கள்தான்: அதிகாரம் இல்லாமல் போட்டது; மோசடி, விபத்து அல்லது தவறால் வந்தது; பாலிசி சொன்ன முறையைப் பின்பற்றாதது. குறைவாக வந்துவிட்டது என்பது காரணமே இல்லை. இது உங்களுக்கும் பொருந்தும், கம்பெனிக்கும் பொருந்தும்.

காசோலை வரும்போது

முதல் காசோலை நீங்கள் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும். மேலே சொன்ன 19,000இல் தேய்மானம் 5,000 என்றால், முதலில் வருவது 14,000இல் டிடக்டிபிள் 9,000 போக 5,000 டாலர். மீதி 5,000 வேலையை முடித்து, பில் அனுப்பிய பிறகுதான். அதற்கும் கெடு உண்டு. 180 நாள், ஒரு வருடம் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். அப்ரைசலே ஆறேழு மாதம் இழுத்தால் இந்தக் கெடு நடுவிலேயே முடிந்துபோகக்கூடும். அப்ரைசல் நடக்கும்போதே நீட்டிப்பை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

காசோலையோடு "எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அவார்டுப் பணம் பாலிசிப்படி தர வேண்டிய பணம், அதற்கு விடுதலைப் பத்திரம் தேவையில்லை. டெக்சாஸில் அவார்டைக் கட்டிவிட்டதால் மட்டும் தாமத வட்டிப் பொறுப்பிலிருந்து கம்பெனி தப்பிவிடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாக்கியது. அந்த வட்டி வேண்டும் என்று தனிக் கடிதம் எழுதுங்கள். ஆனால் வக்கீல் கட்டணத்தையும் கம்பெனி தலையில் கட்டலாம் என்ற கணக்கு இனி எடுபடாது. புயல் கிளெய்மில் அவார்டையும், வரக்கூடிய வட்டி முழுவதையும் கம்பெனி கட்டிவிட்டால் கட்டணம் கேட்க முடியாது என்று அதே நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது.

வீட்டுக் கடன் இருந்தால் காசோலையில் உங்கள் பெயரோடு கடன் கொடுத்தவரின் பெயரும் இருக்கும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் வங்கியில் போட முடியாது. பெரிய தொகை என்றால் அவர்களே வைத்துக்கொண்டு, வேலை நடக்க நடக்கத் தவணையாகத் தருவார்கள். கடைசித் தவணைக்கு முன் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். எனவே கான்ட்ராக்டரிடம் ஒப்பந்தம் போடும்போதே "பணம் கடன் நிறுவனம் விடுவிக்கும் தவணைப்படி" என்று எழுதிக்கொள்ளுங்கள். கூரை போட்டு முடித்தவர் வாசலில் நிற்க, காசோலை வேறொரு மாநிலத்தில் இருக்கும் கடன் நிறுவனத்தின் மேசையில் கிடக்கும் நிலை வராது.